குப்பைக் கோழியாரும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்

பொங்கல் நெருங்கினால் ரங்கூனில் எங்கள் ஆட்களுக்குக் கவிதை ஞாபகம் வந்துவிடும். விழாக் கமிட்டி கூடி உட்கார்ந்து போட்டிக்குத் தலைப்பு யோசிக்கும். தாய், தாய்மொழி, உழவர், ஒற்றுமை. இந்த நாலைத் தாண்டி ஒரு தலைப்பு வந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் சித்தப்பாவோ மாமாவோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "மொழியே, விழியே, வழியே" என்று எடுத்துக்கொடுப்பார். மேடையேறி ஒப்பித்தால் கைதட்டல், ஒரு டிபன் பாக்ஸ். மறுநாள் அந்தத் தாள் எங்கே போனது என்று பிள்ளையும் தேடாது, சித்தப்பாவும் தேட மாட்டார்.

நான் கோயில் மாடியில் ஞாயிறு காலை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. 1960களில் தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமை ஆனபிறகு இங்கே தமிழ் பெரும்பாலும் கோயில் மாடிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும்தான் பிழைத்து வந்திருக்கிறது. என்னிடம் வருபவர்கள் பெரிய பிள்ளைகள், பள்ளி முடிக்கப் போகிற வயது. படிப்பு பர்மியத்தில். தமிழ் வருவது பாட்டியிடமிருந்து கொஞ்சம், சீரியலிலிருந்து நிறைய, சினிமாப் பாட்டிலிருந்து மிச்சம். அதனால் "கவிதை எழுது" என்றால் உடனே நிலா வரும், இதயம் வரும், கனவு வரும். கண்ணீர் வந்தே தீரும். இந்த நாலையும் வகுப்பில் தடை செய்து வைத்திருக்கிறேன். யாராவது மறந்து எழுதினால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

"பிள்ளைக்கு எழுதவே வரமாட்டேங்குது டீச்சரம்மா, கற்பனை இல்லை போல" என்று அம்மாக்கள் குறைப்படுகிறார்கள். கற்பனைக்கு என்ன குறை? பள்ளிக்கு ஏன் தாமதம் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தாய்மொழி என்ற தலைப்பைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் அது எங்கே பிடித்துத் தூக்கும்? கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது கொடுத்தால் தூக்கிவிடும். நான் செய்வதெல்லாம் அதுதான். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது குறுந்தொகை.

சங்கப் பாட்டு என்றாலே முகம் சுருக்குவார்கள். அதனால் முதலில் பாட்டைத் தொடுவதே இல்லை. பலகையில் புலவர் பெயர்களை மட்டும் எழுதுவேன். குப்பைக் கோழியார். அதற்கே வகுப்பு சிரித்துவிடும். அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார். செம்புலப் பெயனீரார். தேய்புரிப் பழங்கயிற்றினார்.

"இதெல்லாம் பேரா டீச்சர்? அம்மா வெச்ச பேரா?"

அம்மா வைத்த பெயர் தொலைந்துவிட்டது. பாட்டுகளைத் தொகுத்தவர்கள் கையில் பாட்டு இருந்தது, எழுதியவர் பெயர் இல்லை. பாட்டுக்குள் எது மறக்க முடியாதபடி நின்றதோ அதையே ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். குப்பைமேட்டில் இரண்டு சேவல் சண்டை போடுகிறது. தூண்டிவிடவும் ஆள் இல்லை, விலக்கிவிடவும் ஆள் இல்லை. தானாக ஓய்ந்தால்தான் உண்டு. என் நோயும் அப்படித்தான் என்கிறாள் காதலில் மாட்டிக்கொண்ட ஒரு பெண். குறுந்தொகையில் 305ஆம் பாட்டு. சொல்ல வந்தது காதல், கையில் எடுத்தது குப்பைமேட்டுச் சேவல். அந்தச் சேவலால்தான் அவர் இத்தனை நூற்றாண்டு கழித்து எங்கள் கோயில் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

அணிலாடு முன்றிலார் பாட்டை இந்த ஊரில் அதிகம் விளக்கத் தேவையில்லை. காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி இருப்பேன், அவர் பிரிந்துவிட்டால் ஆட்கள் விட்டுப்போய் முற்றத்தில் அணில் விளையாடும் வீடு மாதிரி ஆகிவிடுவேன் என்கிறாள் தலைவி. 1942இல் ஜப்பான் படை வந்தபோது இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள், 1964இல் கடைகள் அரசுடைமை ஆனபிறகு கப்பலேறிப் போனவர்கள், இப்போது விமானமேறிப் போகிறவர்கள் என்று எங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பூட்டிய வீடு தெரியும். என் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு அண்ணனோ அக்காவோ பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார்கள்.

சரி, விளையாட்டு என்னவென்றால், வீட்டிலிருந்து கோயிலுக்கு வருகிற வழியில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். கேட்டதாகவும் இருக்கலாம், மோப்பம் பிடித்ததாகவும் இருக்கலாம். போனில் பார்த்தது செல்லாது. அதை வகுப்பில் ஐந்தாறு வரியில் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் மற்றவர்கள் சேர்ந்து அதை வைத்தே அவருக்குப் பெயர் சூட்டுவார்கள். டிபன் பாக்ஸைவிட இந்தப் பெயருக்கு ஆசை அதிகம். சுமாராக இருந்தால் பெயர் கிடையாது, அடுத்த வாரம்தான். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த ஒரு பையன் நனைந்த செருப்பினார் ஆனான். டல்லாவிலிருந்து படகேறி வரும் பிள்ளை ஒருத்தி, குளிர்காலத்தில் படகோடு கூடவே பறந்து வரும் கடற்பறவைகளுக்குத் தீனி விற்கிறவரைப் பற்றிச் சொன்னாள். பறவைகளைப் பற்றி எல்லோரும்தான் சொல்வார்கள். இவள் சொன்னது, அந்தத் தீனியை வாங்கித் தானே தின்றுவிட்ட ஒரு தாத்தாவைப் பற்றி. தீனி தின்ற தாத்தாவினார் என்று பெயர் வைத்தார்கள். இலக்கணம் உதைக்கிறது, விட்டுவிட்டேன்.

சில பிள்ளைகள் "எங்க தெருவில் ஒண்ணுமே இல்லை" என்று கைவிரிப்பார்கள். அவர்களுக்குத் தொல்காப்பியர் இருக்கிறார். நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை அவர் எண்ணிச் சொல்லியிருக்கிறார்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்யச் சொல்லியே கெடுத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். எட்டுக் கட்டம் போட்டு, உன் தெருவை வைத்து நிரப்பு என்று கொடுத்துப் பாருங்கள், சண்டையே வந்துவிடும்.

எங்கள் வகுப்பில் வந்தது. தெய்வம் என்ற கட்டத்தில் முனீஸ்வரர் என்றார்கள், பீலிக்கான் கோயிலுக்குப் போகாத குடும்பம் இங்கே ஏது? சூலே பகோடா பக்கத்திலிருந்து வரும் பையன் அங்கே இருக்கும் காவல் தெய்வம் போபோஜீயையும் சேர்க்க வேண்டும் என்றான். சேர்த்தோம். உணவுக்கு மொய்ங்கா, அதுதான் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், ஒரு மனதாக. பறவைக்குக் காக்காய், அதற்கும் போட்டி இல்லை, ரங்கூன் காக்காய் ஊர். மரத்துக்கு ஒருத்தி சொன்னதைக் கேட்டு எனக்கே மெய் சிலிர்த்தது: வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தில் மூன்றாம் மாடிச் சுவர் விரிசலில் முளைத்து நிற்கும் அரசமரம். நான் வருஷக்கணக்காக அந்தக் கட்டடத்தைக் கடந்து போகிறேன், மரத்தைப் பார்த்தது இல்லை. விலங்குக்குத் தெருநாய் என்று பெரும்பான்மை முடிவு செய்தபோது, கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, நாய் இரவில்தான் ஆட்சி செய்கிறது, எலிக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஆட்சி, அதனால் எலிதான் என்று வாதாடினான். பறைக்கு ஜெனரேட்டர். கரண்ட் போனவுடன் கடைக்குக் கடை முழங்குகிறதே, அதைவிடப் பறை வேறு என்ன?

யாழ் கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. டீக்கடைப் பாட்டு என்றார்கள், போன் ரிங்டோன் என்றார்கள், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு பெண், "எங்க மாடிக் கயிற்றில் மணி இருக்கே டீச்சர்" என்றாள்.

ரங்கூன் தெரியாதவர்களுக்காக: டவுனில் பழைய கட்டடங்கள் ஆறேழு மாடி இருக்கும், லிஃப்ட் இருக்காது, படி செங்குத்தாக இருக்கும். அதனால் வீட்டுக்கு வீடு பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டி ஒரு இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். காய்கறியும் அப்படித்தான் ஏறும். வாசல் சாவி அப்படித்தான் இறங்கும்.

அந்தப் பெண் அடுத்த ஞாயிறு எழுதிக்கொண்டு வந்தது இது:

ராத்திரி வந்தால் அண்ணன் கயிற்றை இழுப்பான்
மேலே மணி அடிக்கும்
அம்மா சாவியை மாட்டி இறக்குவாள்
இப்போது அவன் கோலாலம்பூரில்
கயிற்றைக் காக்காய் இழுக்கிறது
அம்மா எட்டிப் பார்க்கிறாள்
தாய்ப்பாசம் என்னும் கயிறு
என்றுமே அறுவதில்லை

இதில் ஆறு வரி அவளுடையது, கடைசி இரண்டு வரி பொங்கல் மேடையுடையது. நான் அடிக்கவில்லை. பென்சிலை அவளிடம் கொடுத்து, "இதில் நீ பார்த்தது எதெது, அதற்குக் கீழே கோடு போடு" என்றேன். முதல் ஆறு வரிக்கும் கோடு போட்டாள். ஏழாவதில் நின்றுவிட்டாள். பாசத்தை எங்கே போய்ப் பார்ப்பது? "அப்போ இதை எடுத்துடவா? முடியாத மாதிரி இருக்குமே டீச்சர்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் ஒரு தடவை படித்துவிட்டு, "எட்டிப் பார்க்கிறாள்லயே எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, அதுக்கப்புறம் நீ எதுக்குப் பேசுறே?" என்று கேட்டாள். எடுத்துவிட்டாள். கயிறிழு காக்கையார் என்று பெயர் வைத்தோம்.

பிள்ளைகளுக்குப் பொருளைக் கொடுத்தால் போதும், உணர்ச்சியைக் கேட்கவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். "அண்ணனைப் பிரிந்த சோகத்தை எழுது" என்று சொல்லியிருந்தால் அந்தக் காக்காய் வந்திருக்காது.

இன்னொன்று. பழைய பாட்டை அவர்கள் எழுதுவதற்கு முன்னால் காட்டினால் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். எழுதியபின் காட்டினால் கூட்டாளி கிடைத்த சந்தோஷம். காக்கையாருக்கு அன்றைக்குத்தான் தேய்புரிப் பழங்கயிற்றினாரை அறிமுகம் செய்தேன், நற்றிணை 284. பொருள் தேட வெளியூர் போனவன் பாடுவது. ஊருக்குத் திரும்பு, அவள் வருந்துகிறாள் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையை முடிக்காமல் போனால் அவமானம் என்கிறது அறிவு. இரண்டு யானை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு மாதிரி என் உடம்பு அற்றுப்போய்விடுமோ என்கிறான். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு யானையா டீச்சர்? எங்க அண்ணனுக்கு ஒரு மேனேஜரே போதும்."

அப்புறம் திட்டுப் பாட்டு. பையன்களுக்கு இது அல்வா. நிலாவைத் தடை செய்தேன் என்றேன் இல்லையா, ஒரே ஒரு நிலாவுக்கு மட்டும் அனுமதி உண்டு. குறுந்தொகை 47, நெடுவெண்ணிலவினார். அவரும் பாட்டுக்குள்ளிருந்து பெயர் வாங்கியவர்தான்.

கருங்கால் வேங்கை வீயுகு துறுகல்
இரும்புலிக் குருளையின் தோன்றும் காட்டிடை
எல்லி வருநர் களவிற்கு
நல்லை அல்லை நெடுவெண் ணிலவே

வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டி மாதிரி தெரிகிறதாம், அப்படிப்பட்ட காட்டு வழியில் ராத்திரி திருட்டுத்தனமாக அவளைப் பார்க்க வருகிறான் அவன். நிலா வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது. நீ நல்லதில்லை நிலாவே என்று தோழி திட்டுகிறாள். வேங்கைப் பூவை இவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திஞ்ஞான் என்கிற பர்மியப் புத்தாண்டு சமயத்தில் முதல் மழை விழுந்ததும் ஊரெல்லாம் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து, பெண்கள் தலையில் ஏறி, மறுநாளே உதிர்ந்து தார்ரோட்டை மூடும் பிதௌக் மரம் அதன் ஒன்றுவிட்ட தம்பி. பூ மூடிய கார் ஒன்றைப் பார்த்தால் இனிமேல் புலிதான் ஞாபகம் வரும் என்றான் ஒருவன்.

நிலாவையே திட்டலாம் என்றதும் வகுப்புக்கு வாய் திறந்துவிட்டது. ஊரே புகழும் ஒன்றைத் திட்டி எழுத வேண்டும், காரணம் சொந்தக் காரணமாக இருக்க வேண்டும் என்பது விதி. மழையைத் திட்டினாள் ஒருத்தி, பள்ளிச் சீருடை காயாமல் முகர்ந்து பார்த்து உடுத்துகிற கதை. ஒருவன் கரண்டைத் திட்டினான்:

மின்சாரமே நீ நல்லவன் இல்லை
நடுராத்திரி வருகிறாய்
அப்பா மோட்டார் போட எழுந்தார்
அம்மா மாவு அரைக்க எழுந்தாள்
நான் கோல் அடிக்கப் போனேன் கனவில்
நீ விளக்கைப் போட்டாய்

முறை வைத்து வரும் கரண்டுக்குக் காத்திருந்து, வந்த நேரத்தில் தண்ணீர் ஏற்றி, மாவு அரைத்து, எல்லாப் போனையும் சார்ஜில் போடுகிற ஊர் இது. அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் புலம்பல்தான் வரும். இவன் எழுதியதைக் கேட்டு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. 'கனவு' தடைப் பட்டியலில் இருக்கிறதே என்று ஒருத்தி டீ கேட்டாள். இது உண்மையிலேயே தூக்கத்தில் வந்த கனவு என்பதால் டீ கிடையாது என்று தீர்ப்பு சொன்னேன்.

எதுகை மோனை பற்றிக் கேட்பீர்கள். நான் அவசரப்படுவதில்லை. இந்தப் பிள்ளைகளின் காது ஏற்கெனவே பழகிய காது. பர்மியத்தில் தன்பௌ என்று ஒரு குட்டிக் கவிதை வடிவம் உண்டு. முதல் அடியில் நான்காவது அசை, இரண்டாம் அடியில் மூன்றாவது, மூன்றாம் அடியில் இரண்டாவது என்று ஒரே ஓசை படி ஏறிவரும். அதைச் சுண்டிச் சுண்டிச் சொல்லி விளையாடுகிற பிள்ளைக்கு, தமிழில் ஓசை அடியின் தொடக்கத்தில் முதல் எழுத்திலும் இரண்டாம் எழுத்திலும் உட்காரும் என்று ஒரு தடவை காட்டினால் போதும். தமிழ்ச் சொல் தெரியாத இடத்தில் பர்மியச் சொல்லையே போடலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பாட்டிகளுக்கு இதில் வருத்தம். இருக்கட்டும்.

புத்தகத்துக்கு என்ன செய்கிறேன் என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். இங்கே தமிழ்ப் புத்தகக் கடை தேடி அலைய முடியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இணையத்தில் சங்க நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. நெட் கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொள்கிறோம். குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடி, போன் திரையில் ஒரே பார்வையில் அடங்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான அளவு இல்லை.

எதிர்ப்பும் உண்டு. சீருடை மழைக் கவிதையைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளையின் அம்மா வந்தார். "ஈரத் துணியை முகர்ந்து பார்த்து உடுத்தினோம்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா டீச்சரம்மா? மழையை அழகா வர்ணிச்சு எழுதச் சொல்லக்கூடாதா?" கோபம் நியாயமானதுதான், குடும்ப மானம். அந்தக் கவிதையை வெளியில் எங்கும் படிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். இங்கே எழுதியிருப்பதையும் பிள்ளையையும் அம்மாவையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா கொஞ்சம் யோசித்து, "எங்க வீடுன்னு தெரியாம இருந்தா சரி" என்றார். போகும்போது, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஈரச் சட்டையை அரிசிப் பானைமேல் போட்டுக் காயவைத்ததையும் சொல்லிவிட்டுப் போனார். அதை எழுதச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

எலிக்காக வாதாடிய கடைசி வரிசைப் பையன் இன்னும் ஒரு கவிதைகூட எழுதவில்லை. நான் கேட்பதும் இல்லை. ஆனால் அவன் எட்டுக் கட்ட நோட்டை விடாமல் நிரப்பிக்கொண்டே இருக்கிறான். எந்தத் தெருவில் எந்த ஜெனரேட்டர் என்ன தாளத்தில் அடிக்கிறது, எந்த டீக்கடையில் காக்காய் மேசைவரைக்கும் வருகிறது என்று எல்லாம் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை ராத்திரி எழுத ஒன்றும் கிடைக்காமல் தவித்தால் அவனுக்குத்தான் போன் போடுகிறார்கள். சும்மா கொடுப்பதில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு சமோசா, யாழ் கட்டம் என்றால் இரண்டு.